கம்பிகள் இல்லாத படம்

1852-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் எடுக்கப்பட்ட ஒரு போட்டோ இருக்கிறது. எடுத்தவர் ஸ்பெயின் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹுவான் என்கிற மான்டிஸோன் பிரபு. தொட்டியின் கரையில் ஒரு நீர்யானை சாய்ந்து படுத்துத் தூங்குகிறது. அதற்குப் பின்னால் இரும்புக் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் மனிதர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காமிரா விலங்கின் பக்கத்தில் நிற்கிறது. அதனால் அடைபட்டிருப்பவர்கள் ஜனங்கள்தான் என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது.

நீர்யானையின் பெயர் ஒபேஷ். வெள்ளை நைலின் ஒரு தீவருகே 1849-ல் குட்டியாகப் பிடிபட்டது. வேட்டை நாய்களுக்குப் பதிலாக எகிப்து அதிபதி கொடுத்து, 1850 மே மாதம் லண்டன் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் சாலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. படத்தில் அது தூங்குவதற்கு அதன் சுபாவம் ஒரு காரணம் என்றால், அன்றைய ரசாயனம் இன்னொரு காரணம். ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டது 1851-ல். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். தகட்டின் மேல் வெளிச்சம் வினாடிக்கணக்கில் விழவேண்டும். நடக்கிற விலங்கு அதில் ஒரு புகையாகத்தான் பதியும். ஆகவே அந்தக் காலத்து மிருகக்காட்சி சாலைப் படங்களில் தூங்குகிறவையும், அசையாமல் நிற்கிறவையும்தான் தெளிவாகக் கிடைக்கின்றன.

போட்டோவைத் திருத்துவது இருட்டறையில் தொடங்குகிற காரியம் என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் எந்த விலங்கு, எந்த நிலையில் படமாகத் தகுதி பெறுகிறது என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து இன்றைய கம்ப்யூட்டர் திருத்தம் வரைக்கும் இந்தக் கலையின் ஆசை ஒன்றேதான்: விலங்கு இருக்கவேண்டும், அது இருக்கிற இடம் தெரியக்கூடாது. இந்த ஆசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

அதே ரீஜண்ட்ஸ் பார்க்கில் 1851 முதல் 1872 வரை ஒரு பெண் குவாகா இருந்தது. தென்னாப்பிரிக்காவின் வரிக்குதிரை இனம் இது. தலையிலும் கழுத்திலும் வரிகள். உடலின் பின்பாதிக்குப் போகப் போக வரிகள் கரைந்து வெறும் பழுப்பாகிவிடும். ஃப்ராங்க் ஹேஸ், ஃப்ரெடரிக் யார்க் முதலியோர் 1863-க்கும் 1870-க்கும் இடையில் அந்த விலங்கைப் படமெடுத்தார்கள். இன்று ஐந்து படங்கள் மிஞ்சியிருக்கின்றன. உயிருள்ள குவாகாவின் போட்டோக்கள் உலகத்தில் இந்த ஐந்துதான். ஐந்தும் ஒரே விலங்கு. 1883 ஆகஸ்ட் 12-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் ஒரு குவாகா செத்தது. அதுதான் கடைசி என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த ஐந்து படங்களிலும் விலங்கு பக்கவாட்டில் நிற்பதைப் பார்க்கிறோம். சுற்றிலும் லண்டன் அடைப்பு. ஓர் இனத்தின் முழுத் தோற்றமும் ஒரு கைதியின் நிற்றலாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது எப்படி ஓடும், கூட்டத்தில் எப்படித் திரும்பிப் பார்க்கும் என்பதற்குப் படம் கிடையாது. 1984-ல் ஒரு குவாகாத் தோலிலிருந்து மரபணுத் துணுக்குகளைப் பிரித்தெடுத்தார்கள். அழிந்துபோன விலங்கு ஒன்றில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 1987-ல் ரைன்ஹோல்ட் ராவ் தென்னாப்பிரிக்காவில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். சமவெளி வரிக்குதிரைகளில் பின்பக்க வரி குறைந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் குவாகாவின் தோற்றத்துக்குக் கொண்டுவருவது திட்டம். வெவ்வேறு தலைமுறைகளில் குட்டிகளின் வரிகள் குறைந்தும் வந்தன. எனக்கு இது திருத்தும் ஆசையின் எல்லை என்று படுகிறது. தோலிலும் படத்திலும் எஞ்சிய உருவத்தை அசலாக வைத்துக்கொண்டு, உயிருள்ள விலங்கை அதற்கு ஏற்பத் திருத்துகிறார்கள்.

காமிராக்காரர்களின் கைத்தொழிலுக்கு வருவோம். கம்பி வலைக்கு இப்பால் நின்று படமெடுக்கிறவனுக்கு ஒரு பாலபாடம் உண்டு. லென்ஸை வலைக்கு வெகு அருகில் கொண்டுபோய், துவாரத்தை முழுக்கத் திறந்துவிட வேண்டும். விலங்கு வலையிலிருந்து தள்ளி நின்றால், கம்பிகள் குவியத்திலிருந்து மிகவும் விலகிப்போய்க் காணாமலே போய்விடும். வலையின் மேல் வெயில் விழக்கூடாது. விழுந்தால் படம் முழுவதும் ஒரு வெளுப்பு பரவும். அப்போதும் கம்பி அடியோடு அழிவதில்லை. மெல்லிய மூட்டமாகப் பரவி, கறுப்பைச் சாம்பலாக்குகிறது. பிறகு பிரிண்ட் போடும்போது அழுத்தத்தைக் கூட்டி அந்த மூட்டத்தையும் போக்குவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற விலங்கு என்றால், லென்ஸின் விளிம்பைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துப் பிரதிபலிப்பைத் தடுக்கவேண்டும்; தடித்த கண்ணாடி தருகிற பச்சைச் சாயலைப் பின்னால் நீக்கவேண்டும். பழைய நாட்களில் நெகடிவின் மேல் ஒளிபுகாத சாயம் பூசிப் பின்னணியை வெறும் வெண்மையாக்கினார்கள். எல்லாவற்றிலும் எளியது கத்திரி. ஓரத்தை வெட்டிவிட்டால் வேலி போய்விடும்.

மிருகக்காட்சி சாலையே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் 1907-ல் திறந்த பூங்காவில் பல இடங்களில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை வைத்தார். செயற்கைப் பாறை, அதன் மேல் சிங்கம், அதற்கு முன்னால் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். போட்டோவில் ஓரத்தை வெட்டுகிறவன் செய்வதைச் சிமெண்டில் செய்தார் என்று சொல்லலாம். உலகம் முழுவதும் இதைப் பின்பற்றிற்று. 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்காவிலும் அகழிகள்தான். விலங்குக்கு இதனால் கொஞ்சம் இடமும் வெளிச்சமும் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சிறை இருக்கிறது என்கிற பிரக்ஞை பார்வையாளனுக்குக் குறைந்தது. அகழிக்கு முன்னால் நின்று எடுக்கிற படத்தைத் திருத்தவேண்டிய அவசியமே இல்லை.

கத்திரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டாஸ்மேனியா உதாரணம். தைலசின், டாஸ்மேனியப் புலி, டாஸ்மேனிய ஓநாய் என்றெல்லாம் பெயர் பெற்ற விலங்கு புலியும் அல்ல, ஓநாயும் அல்ல. வயிற்றில் பையும் முதுகில் வரிகளும் உள்ள பிராணி. ஆடுகளைக் கொல்கிறது என்று சொல்லி 1888 முதல் 1909 வரை அரசாங்கம் அதன் தலைக்கு விலை வைத்தது. வளர்ந்த விலங்குக்கு ஒரு பவுன். 2,180-க்கு மேற்பட்ட விலங்குகளுக்குப் பணம் பட்டுவாடா ஆயிற்று. 1921-ல் ஹென்றி பர்ரல் எடுத்த ஒரு படம் வெளியாயிற்று. அதில் தைலசின் வாயில் ஒரு கோழியைக் கவ்வி நிற்கிறது. படம் பரவலாக அச்சாகி, கோழித் திருடன் என்கிற பெயருக்குச் சாட்சி போல ஆகிவிட்டது. படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டவை. வெட்டுப்பட்ட பகுதியில் வேலியும் அடைப்பும் இருந்தன. அந்த விலங்கே உயிருள்ளது அல்ல, பாடம் செய்து நிறுத்திய உடல் என்று ஓர் ஆராய்ச்சியாளர் பின்னாளில் வாதித்தார். அந்த வாதம் எப்படிப் போனாலும் சரி, வேலி தெரிந்திருந்தால் அந்தக் கோழி யாரோ கொடுத்தது என்பது எந்தக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். வேலியை நீக்கியதும் அது குற்றமாகிவிட்டது. வெட்டியது ஓரத்தை மட்டுந்தான். மாறியது படத்தின் நடுவில் இருக்கிற விஷயம்.

1933 டிசம்பரில் ஹோபார்ட்டின் போமாரிஸ் மிருகக்காட்சி சாலையில் டேவிட் ஃப்ளே என்கிற விலங்கியலாளர் அடைப்புக்குள்ளேயே போய் ஒரு தைலசினைச் சலனப்படம் எடுத்தார். அது கொட்டாவி விடுகிறது, படுக்கிறது, நடக்கிறது. வேலை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய பின்புறத்தில் கடித்ததாகவும் சொல்கிறார்கள். 1936 ஜூலை 10-ந் தேதி தைலசினுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஐம்பத்தொன்பது நாள் கழித்து, செப்டம்பர் 7 அன்று, கடைசி விலங்கு அதே சாலையில் செத்தது. அது ஃப்ளே எடுத்த விலங்கு அல்ல. அந்த வருஷம் மே மாதத்தில் வந்து சேர்ந்த ஒரு கிழட்டுப் பெண் விலங்கு என்று 2022-ல் ஹோபார்ட் மியூசியம் தெரிவித்தது. அதன் தோலும் எலும்பும் அதே மியூசியத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்திருக்கின்றன. தோலைப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள், கடைசித் தோல் என்று தெரியாமலே.

2021-ல் ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் ஃப்ளேயின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணமேற்றி வெளியிட்டது. பாரிஸில் 200 மணி நேரத்துக்கு மேல் நடந்த வேலை. மியூசியங்களில் இருக்கிற தோல்களையும் அக்காலத்து வர்ணனைகளையும் வைத்து நிறங்களைத் தீர்மானித்தார்கள். வர்ணமேற்றுவதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ஆனாலும் இந்தப் படத்தைப் பார்த்தபோது அந்தச் சந்தேகம் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகின் பழுப்பு வந்ததும் தூரம் குறைந்துவிடுகிறது. எண்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய பிராணி நேற்றைய பிராணியாகிறது. அதோடு, இந்தத் திருத்தத்தில் வேலி அழியவில்லை. விலங்குக்கு நிறம் வந்தபோது அதன் கூண்டுக்கும் நிறம் வந்தது. ஆகவே திருத்துவது எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. கீறலையும் தூசியையும் நீக்குவது பார்ப்பதற்கு உதவி. கம்பியை நீக்குவது, பார்க்கிறவன் எங்கே நின்று பார்த்தான் என்பதை மறைப்பது.

ஜான் பெர்ஜர் மிருகக்காட்சி சாலை பற்றி எழுதிய கட்டுரை 1980-ல் அவர் தொகுப்பில் வந்தது. விலங்குகள் வாழ்க்கையிலிருந்து மறைந்த காலத்தில்தான் இந்தச் சாலைகள் பெருகின என்பது அவருடைய வாதம். அவருக்குப் பத்து வருஷம் முன்னதாகவே போட்டோவில் இதைப் பார்த்தவர் காரி வினோகிராண்ட். 1969-ல் வந்த அவருடைய 'தி அனிமல்ஸ்' புத்தகத்தில் நியூயார்க் மிருகக்காட்சி சாலைப் படங்கள் இருக்கின்றன. வலை, கம்பி, கழுத்தை நீட்டுகிற பார்வையாளன் எதுவும் அதில் ஒதுங்கவில்லை. ஒரு நல்ல விலங்குப் படம் என்று யாரும் சுவரில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மான்டிஸோன் பிரபு தற்செயலாகவோ தெரிந்தோ கண்ட காட்சியை நூறு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு மறுபடி கண்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இன்று போனிலேயே விரலால் தேய்த்துக் கம்பியை அழித்துவிடலாம். கம்பி மறைத்திருந்த ரோமத்தை இயந்திரம் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. அந்த இடத்தில் நாம் பார்ப்பது விலங்கே அல்ல, விலங்கு இப்படித்தான் இருக்கும் என்கிற சராசரி எண்ணம். இருக்கிற விலங்கைப் பொறுத்தவரை இது ஒரு சின்ன விஷயமாகத் தெரியலாம். மறுநாள் போய் நேரில் பார்த்துக்கொள்ளலாம். போய்ப் பார்க்க முடியாத நாளில் படம் மட்டும்தான் மிஞ்சும். குவாகாவுக்கு அந்த நாள் வந்தபோது யாருக்கும் தெரியவில்லை.

தைலசினின் கடைசிச் சலனப்படம் 1935-ல் ஒரு சுற்றுலாப் படத்துக்காக எடுக்கப்பட்டது. காப்பகம் 2020-ல் அதை வெளியிட்டது. மொத்தம் இருபத்தொரு வினாடி. விலங்கு அதே ஹோபார்ட் கூண்டுக்குள் நடக்கிறது. சட்டத்தின் வலது ஓரத்தில், பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக, ஆட்கள் நின்று கூண்டை உலுக்குகிறார்கள். விலங்கு அசையவேண்டும், படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக இருக்கலாம். அந்த ஓரத்தைச் சிறிது வெட்டிவிட்டால் படம் இன்னும் அழகாக இருக்கும்.