சலூன் கார்ப் பந்தயமும் வகுப்பு முறையும்

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி பந்தயத்தில் ஓடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை; பாட்டியையும் பேரனையும் பின்னிருக்கையில் அமர்த்தி, பெட்டி படுக்கைகளை டிக்கியில் அடுக்கி, உற்றார் வீட்டு விசேஷத்துக்குப் போய்வருவதற்கென்று செய்யப்பட்ட கூரை மூடிய குடும்பக் காரை, அதன் முகமும் பெயரும் மாறாமல் களத்தில் இறக்கி, மணிக்கு நூறு மைலுக்கு மேல் விரட்டுவதே அதிசயம். சலூன் கார்ப் பந்தயம் என்று சொல்லப்படும் இந்த அதிசயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தொடர்ச்சியாகக் காணக் கிடைக்கும் தேசம் இங்கிலாந்து. அதனை வீரர்களின் சரித்திரமாகவும், கம்பெனிகளின் சரித்திரமாகவும் எழுதியவர்கள் அநேகர். அடியேனுடைய துணிபோ, அது முக்கியமாக ஒரு விதிப்புத்தகத்தின் சரித்திரம் என்பதே. கடையில் வாங்கிய காரில் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்பது ஒரு கேள்வி; சிறிய இஞ்சினையும் பெரிய இஞ்சினையும் ஒரே களத்தில் ஓடவிட்டால் வெற்றியை எப்படி அளப்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் காலந்தோறும் கொடுக்கப்பட்ட விடைகளே ஒவ்வோராண்டின் சாம்பியனையும் நிர்ணயித்தன.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது, குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய தளங்கள் பல இங்கிலாந்தில் வேலையற்றுக் கிடந்தன. சில்வர்ஸ்டோன், ஸ்நெட்டர்டன், திரக்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற பந்தயக் களங்கள் எல்லாம் இவ்வாறு யுத்தத்தின் எச்சமாகக் கிடைத்தவையே. (நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தகால விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைக் கண்ட வாசகர்களுக்கு இந்த உறவு எளிதில் விளங்கும்.) 1952இல் சில்வர்ஸ்டோனில் நடந்த உற்பத்திக் கார்களுக்கான பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் என்னும் இளம் வீரர் ஜாகுவார் மார்க் ஏழு என்ற மாபெரும் சலூனில் வெற்றி பெற்றார், அடுத்த ஆண்டும் அவருக்கே அவ்வெற்றி கிட்டியது. கனவான்கள் சாய்ந்து அமர்ந்து செல்வதற்கான அந்தக் கார் வளைவுகளில் ஒருபுறமாகச் சரிந்து செல்வதைப் பார்த்து ஜனங்கள் பெரிதும் ரசித்தார்கள். ஆனால் அதில் ஒரு குறையும் இருந்தது. மூன்றரை லிட்டர் ஜாகுவார் ஓடும் களத்தில் ஒரு லிட்டர் ஆஸ்டினுக்கு என்ன வேலை?

இக்கேள்விக்கு 1958இல் விடை வந்தது. பிரிட்டிஷ் ரேசிங் அண்ட் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் அவ்வாண்டில் தொடங்கிய சலூன் கார் சாம்பியன் போட்டியில், வண்டிகள் இஞ்சின் கொள்ளளவின்படி வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. எல்லா வகுப்புகளும் சேர்ந்தே ஓடும். ஆனால் புள்ளிகள், ஓட்டுநர் தம் வகுப்புக்குள் பெற்ற ஸ்தானத்தைப் பொறுத்தே வழங்கப்படும். மொத்தத்தில் பன்னிரண்டாவதாக வந்த சிறிய காரின் ஓட்டுநர், தம் வகுப்பில் முதல்வராயிருந்தால், பந்தயத்தையே வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி அவருக்கும் கிடைக்கும். ஒரே முகூர்த்தத்தில் ஒரே மண்டபத்தில் நடக்கும் நான்கு கல்யாணங்களைப் போன்றது இவ்வேற்பாடு. கூட்டம் எங்கே நாதஸ்வரம் பெரிதாக முழங்குகிறதோ அங்கே திரும்பிப் பார்க்கும். தாலி என்னவோ நான்கு இடத்திலும் ஏறத்தான் செய்யும்.

முதலாண்டிலேயே இம்முறை தன் குணத்தைக் காட்டிவிட்டது. நார்ஃபோக் பிரதேசத்து விவசாயியான ஜாக் சியர்ஸ், ஆறு சிலிண்டர் ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் ஒன்றை ஓட்டினார். ஆகாய விமான நிர்மாணத்தில் பேர்பெற்ற ஸர் தாமஸ் சாப்வித்தின் குமாரரான டாமி சாப்வித், 3.4 லிட்டர் ஜாகுவாரை ஓட்டினார். களத்தில் ஜாகுவார் முன்னே செல்லும், ஆஸ்டின் பின்னே வரும். ஆயினும் அவரவர் வகுப்பில் பெற்ற வெற்றிகளைக் கூட்டிப் பார்த்தபோது, பருவ முடிவில் இருவர் கணக்கும் சமமாக நின்றது. நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கலாம் என்றொரு யோசனை எழுந்தது. வீரர்கள் அதற்கு இணங்கவில்லை. பிறகு ஒரே மாதிரியான ரைலி ஒன்றரை லிட்டர் கார்கள் இரண்டு தருவிக்கப்பட்டு, பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் மழை பெய்துகொண்டிருக்கையில், இருவரும் ஐந்து சுற்றுகள் ஓடி, இறங்கி, வண்டிகளை மாற்றிக்கொண்டு மறுபடி ஐந்து சுற்றுகள் ஓடினார்கள். வண்டியின் ஏற்றத்தாழ்வு முற்றிலும் நீங்கி, மனிதனின் திறமை மட்டும் எஞ்சும்படி அமைந்த அப்பரீட்சையில், இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிய கணக்கில் சியர்ஸ் 1.6 வினாடியால் வென்றார். வகுப்பு முறையின் மெய்யான தத்துவம் இதுதான்: வண்டியைக் கழித்துவிட்டு ஆளை அளப்பது. அது முற்றிலும் சாத்தியமன்று என்பது வேறு விஷயம்.

ஏன் சாத்தியமன்று என்றால், மெக்கானிக் என்ற மூன்றாவது மனிதர் ஒருவர் நடுவே நிற்கிறார். 1960இல் மட்டும் சாம்பியன் போட்டி 1000 சி.சி.க்கு உட்பட்ட, தாராளமாக மாற்றியமைக்கப்பட்ட கார்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் வென்ற ஆஸ்டின் ஏ-40, டாக்டர் என்று அழைக்கப்பட்ட ஷெப்பர்ட் என்பவருடையது. அதன் இஞ்சினைப் பக்குவப்படுத்தியவர் டான் மூர். அக்காலத்துச் சிறிய இஞ்சினிலிருந்து சக்தியைக் கறக்கும் வித்தையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதன் அடித்தளத்தை மில்லிமீட்டர் கணக்கில் சீவினால் கம்ப்ரஷன் உயரும். காற்றும் பெட்ரோலும் நுழையும் துளைகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் கண்ணாடிபோல் வழவழப்பாக்கி, வால்வுகளைப் பெரிதாக்கினால் இஞ்சினின் மூச்சு விசாலப்படும். வால்வுகளை அதிக உயரத்துக்குத் தூக்கி அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட்டைப் பொருத்தினால் சுழற்சி வேகம் ஏறும். ஆனால் குறைந்த வேகத்தில் இஞ்சின் இருமும், ஊருக்குள் ஓட்ட லாயக்கற்றுப் போகும். ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடையைக் குறைப்பார்கள்; தொழிற்சாலை தந்த ஒற்றைக் கார்புரேட்டரை அகற்றி இரட்டைத் தொண்டை வெபரைப் பக்கவாட்டில் மாட்டுவார்கள். இவ்வளவும் செய்த பின் வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது தன் எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகும் அதே காராகத் தோன்றவேண்டும். இந்த வேஷத்தில்தான் ரசிகர்களின் அபிமானமே அடங்கியிருந்தது.

1959இல் அலெக் இஸிகோனிஸ் உருவாக்கிய மினி வெளிவந்தது, 848 சி.சி. இஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களைச் சுழற்றிய, பத்து அங்குலச் சக்கரங்களில் தரையோடு தரையாகப் பதிந்து ஓடிய அப்பொம்மைக் கார், 1961இல் ஜான் விட்மோருக்கும், 1962இல் கூப்பர் என்ற பெயருடன் மேலும் பலம் பெற்று ஜான் லவ்வுக்கும் சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்தது. மறுகோடியிலோ, ஜாகுவார்களின் ஆதிக்கத்தை 1963 மே மாதம் சில்வர்ஸ்டோனில் ஜாக் சியர்ஸ் ஓட்டிவந்த ஏழு லிட்டர் அமெரிக்க ஃபோர்டு காலக்ஸி ஒரே நாளில் முறித்தது. அவ்வாண்டுப் பட்டம் சியர்ஸுக்கு இரண்டாம் முறையாகக் கிடைத்தது; காலக்ஸியோடு ஃபோர்டு கார்ட்டினாக்களிலும் ஓடி அவர் சேர்த்த புள்ளிகளும் அதற்கு உதவின. 1964இல் ஜிம் கிளார்க். ஃபார்முலா ஒன்றில் முந்தைய ஆண்டு உலகச் சாம்பியனாயிருந்த அவர், 1558 சி.சி. லோட்டஸ் கார்ட்டினாவில் வளைவுக்குள் நுழைகையில், உட்புற முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, மற்ற மூன்று சக்கரங்களிலேயே வண்டி திரும்பிச் செல்லும் புகைப்படங்கள் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.

1966இல் அகில உலக மோட்டார் சம்மேளனம் தன் விதிகளைத் திருத்திக் கார்களுக்கு இலக்கமிட்டது. ஆண்டுக்கு 5000 வண்டிகள் உற்பத்தியாகி, அநேகமாக மாறுதலின்றி ஓடுபவை முதல் குழு. 1000 வண்டிகள் உற்பத்தியாகி, வரையறுத்த மாறுதல்களுடன் ஓடுபவை இரண்டாம் குழு. பெருமாறுதலுக்கு இடமளிக்கப்பட்ட விசேஷ சலூன்கள் ஐந்தாம் குழு. இங்கிலாந்து அவ்வாண்டே ஐந்தாம் குழுவைத் தழுவிக்கொண்டது. அதன் பின் நான்கு ஆண்டுகள், என் கருத்தில், இப்பந்தயத்தின் பூரணப் பொற்காலம். 1966இல் ஜான் ஃபிட்ஸ்பேட்ரிக் ஃபோர்டு ஆங்கிலியாவிலும், 1967இல் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் கார்ட்னர் எட்டு சிலிண்டர் ஃபால்கனிலும், 1969இல் அலெக் பூல் 970 சி.சி. மினியிலும் பட்டம் வென்றதைக் கவனித்தால், பெரிது, சிறிது என்ற பேதமின்றி எந்த வகுப்பிலிருந்தும் சாம்பியன் எழலாம் என்ற நிலைமை விளங்கும். பூலின் மினியில் பழைய இஞ்சின் அடித்தளத்தின்மேல் ஆர்டன் பட்டறையின் எட்டுத் துளை ஹெட்டும், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் சாதனமும் ஏறியிருந்தன.

செலவு ஏறியது; விதி இறங்கியது. 1970இல் இரண்டாம் குழு நடைமுறைக்கு வந்தது. உடனே வகுப்பு முறையின் மிக விசித்திரமான அத்தியாயம் திறந்தது. ஸ்காட்லாந்தில் லின்வுட் ஆலையில் பிறந்த இம்ப் என்னும் சிறு கார், அலுமினிய இஞ்சினை முதுகில், அதுவும் ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்துச் சுமந்தது. ஜார்ஜ் பெவனின் சிறிய குழு அவ்விஞ்சினை 998 சி.சி.யாக வளர்த்து, பில் மக்கவர்ன் கையில் சாவியைக் கொடுத்தது. 1970, 1971, 1972 மூன்று ஆண்டுகளும் அவரே சாம்பியன். முன்னணியில் கமேரோக்களும் மஸ்டாங்குகளும் இடிமுழக்கத்துடன் மோதிக்கொண்டிருக்க, பட்டமோ பின்னால் எங்கேயோ ஓடிய இம்ப்பின் மேல் போய் அமர்ந்தது. இது நியாயமா என்று கேட்டவர்கள் உண்டு. போட்டியாளர் குறைந்த வகுப்பில் புள்ளி சேர்ப்பது சுலபம் என்ற ஆட்சேபத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் ஒரு முறை தற்செயலாக இருக்கலாம். மூன்று முறை தற்செயலாகாது. ஓர் இஞ்சினைப் பருவம் முழுவதும் உடையாமல் காப்பாற்றி, சிறு தவறும் செய்யாமல் ஓட்டியவருக்குக் கிரீடம் போனதில் எனக்கு யாதொரு மனக்குறையும் இல்லை. 1973இல் கார்ட்னர் கமேரோவில் வென்றபோது பெரிய கார்களின் பக்தர்கள் ஒருவாறு சமாதானமடைந்தார்கள்.

பெரிய போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட தாராள மாற்றம் அழிந்துபோகவில்லை. கிளப் பந்தயங்களில் குடியேறி ஸ்பெஷல் சலூன் என்ற பெயரில் முன்னிலும் பெரிதாகச் செழித்தது. அங்கும் 850, 1000, 1300 சி.சி. என்று வகுப்புகள் இருந்தன. ஆனால் 1300க்கு மேற்பட்ட வகுப்பில் ஆகாயமே எல்லை. வாக்ஸால் விற்பனையாளர்களின் குழுவுக்காக பில் பிளைடன்ஸ்டைனின் பட்டறை, வென்டோரா என்ற குடும்பக் காரின் உருவத்துக்குள் ஐந்து லிட்டர் ரெப்கோ-ஹோல்டன் எட்டு சிலிண்டர் இஞ்சினைப் புகுத்தி, பிக் பெர்த்தா என்று பெயரிட்டது. 1974இல் சில பந்தயங்களே ஓடியபின், சில்வர்ஸ்டோனில் பிரேக் கைவிட்டு அது சுவரில் மோதிச் சிதைந்தது. ஓட்டிய ஜெர்ரி மார்ஷல் பிழைத்தார். அதன் அங்கங்கள் ஃபிரென்ஸா உருவத்துக்குள் மீண்டும் கூட்டப்பட்டுப் பேபி பெர்த்தா ஆயின. ஏறத்தாழ 500 குதிரைச்சக்தி கொண்ட அந்தக் குழந்தை 1975, 1976 இரண்டு ஆண்டுகளும் சூப்பர் சலூன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஸ்தூல சரீரரான மார்ஷல், வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வளைவுகளைக் கடக்கும் கோலத்துக்கென்றே கூட்டம் கூடியது. அவருடைய வாழ்நாள் வெற்றிகள் அறுநூறுக்கு மேல். காலின் ஹாக்கர் என்பவரோ ஃபோக்ஸ்வாகன் உருவத்துக்குள் ஃபார்முலா ஒன்றின் காஸ்வர்த் டி.எஃப்.வி. இஞ்சினையே வைத்துவிட்டார். இவற்றில் மூலக் காரின் பாகம் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால், கூரையைத் தட்டிப் பார்த்துத்தான் விடை சொல்லவேண்டும்.

பெரிய போட்டியிலோ விதி மேலும் இறுகியது. 1974இல் முதல் குழுவை ஒட்டிய விதிகள் வந்தன. பெர்னார்ட் யூனெட் அவெஞ்சரிலும், ரிச்சர்ட் லாங்மன் மினியிலும், வின் பர்சி மாஸ்டாவிலும் பட்டங்கள் வென்றார்கள். 1983இல் ஏ குழு என்ற புதிய விதிமுறை வந்தது. அவ்வாண்டு ரோவர் ஓட்டிய ஸ்டீவ் சோப்பர் முதலில் சாம்பியனாகக் கொள்ளப்பட்டு, வண்டி விதிக்கு முரணானது என்று பின்னர் தீர்ப்பானதால், பட்டம் ஆல்ஃபா ரோமியோ ஓட்டிய ஆண்டி ரவுஸுக்குச் சென்றது. பந்தயக் களத்தில் தோற்றதை விசாரணை மண்டபத்தில் ஜெயிக்கலாம் என்பது மெய்யாயிற்று. கம்பெனிகளும் சளைத்தவை அல்ல. மாற்றம் கூடாது என்று விதி சொன்னால், மாற்றிய காரையே கடையில் விற்றுவிடுவது என்று அவை கண்டுகொண்டன. 1987இல் ஃபோர்டு வெறும் 500 சியரா ஆர்.எஸ். 500 கார்களைச் செய்து வெளியிட்டது. வாங்கியவர் சாலையில் ஓட்டினாரோ இல்லையோ, அதன் பெரிய டர்போவும் பின்னிறக்கையும் பந்தயத்துக்குச் சட்டபூர்வமாகிவிட்டன. 1989இல் அந்த சியராக்கள் முன்னணியை முழுதும் ஆக்கிரமித்து ஒன்றையொன்று உரசித் தீப்பொறி பறக்க ஓட, பட்டம் வாங்கியவர் சிறிய வகுப்பில் வாக்ஸால் ஆஸ்ட்ரா ஓட்டிய ஜான் கிளீலண்ட்.

இத்தடவை அமைப்பாளர்கள் பொறுக்கவில்லை. முன்னால் வருபவன் ஏன் சாம்பியன் இல்லை என்று தொலைக்காட்சியில் பார்ப்பவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமான கவலையே. 1991 முதல் வகுப்புகள் ஒழிந்து, எல்லாரும் இரண்டு லிட்டர் என்று ஆயிற்று, பி.எம்.டபிள்யூ. ஓட்டிய வில் ஹோய் முதல் பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே சில்வர்ஸ்டோனில் இறுதிப் பந்தயத்தில் சோப்பரும் கிளீலண்டும் இடித்துக்கொண்டு வெளியேற, சோப்பரின் குழுவைச் சேர்ந்த டிம் ஹார்வி சாம்பியன் ஆனார். கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. சண்டையும் அதே அளவுக்குப் பெருகியது. வகுப்பு முறையோ கிளப் பந்தயங்களில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: மஸ்டாங்கும் மினியும் சேர்ந்தே புறப்படுகின்றன, பந்தய முடிவில் ஒட்டப்படும் தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள், ஒன்று மொத்தத்தில் வந்த இடம், மற்றொன்று வகுப்பில் வந்த இடம், மினிக்காரர் முதலில் தேடுவது இரண்டாவதை.