பெரம்பலூர், அரியலூர் வட்டார ஆய்வு நூல்களும் ஆய்விதழ்களும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மொழி, சமயம், வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வெழுத்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுத் தொடர்ச்சி உடையது. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் இலக்கண, அகராதி நூல்களிலிருந்து இதைத் தொடங்கலாம். கங்கைகொண்ட சோழபுரம் பற்றி எழுதப்பட்டவை இதன் பெரும்பகுதி. இந்த மண்ணைப் பற்றிய நூல்களில் இந்த மண்ணில் அச்சேறியவை மிகச் சில. தரங்கம்பாடி, புதுச்சேரி, சென்னை, திருச்சிராப்பள்ளி, பாரிஸ், தோக்கியோ எனப் பிற ஊர்களில் வெளிவந்தவையே மிகுதி. அவற்றின் தலைப்பில் பெரம்பலூர் என்ற பெயரோ அரியலூர் என்ற பெயரோ பெரும்பாலும் இராது.

தேடும் முறை

தலைப்புகளில் இப்பெயர்கள் இல்லாததற்குக் காரணம் ஆட்சி எல்லை. 1995 வரை இப்பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே லூயிஸ் மூர் தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேட்டிலும் (1878), எஃப்.ஆர். ஹெமிங்வேயின் மாவட்டக் கெசட்டியரிலும் (1907) உடையார்பாளையம், பெரம்பலூர் வட்டங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் வந்த கல்வெட்டு அறிக்கைகளுக்கும் இதே வழிதான்.

ஊர்ப்பெயர்களும் வழிதவறச் செய்யும். வாலிகண்டபுரம், இராபர்ட் ஓர்ம் எழுதிய 18ஆம் நூற்றாண்டுப் போர் வரலாற்றில் 'வால்கொண்டா' ஆகிவிடுகிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதைப் படிப்பவர் அது ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கத்து ஊர் என்று தெரியாமலே கடந்துவிடலாம். ஆடுதுறை என்றால் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள தஞ்சைப் பகுதி ஊரே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கல்வெட்டாய்வில் அடிக்கடி அடிபடும் இன்னொரு ஆடுதுறை பெரம்பலூரைச் சேர்ந்தது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய பொருளாதார ஆய்வில் வரும் கங்கைகொண்டானோ கங்கைகொண்ட சோழபுரம் அன்று, திருநெல்வேலிச் சீமையில் உள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரியலூர் என்ற பெயர் உலக ஆய்விதழ்களில் பழகிப்போனது வரலாற்றாலன்று, நிலவியலால். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860களில் இப்பகுதிக் கிரீத்தேசியப் பாறைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். அன்று முதல் 'அரியலூர்' ஒரு பாறைத் தொகுதியின் பெயராயிற்று. நூலகத் தேடலில் அப்பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பவை கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்களே.

ஏலாக்குறிச்சி

இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710ஐ ஒட்டித் தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி கொன்ஸ்தான்சோ பெஸ்கி, தமிழ் உலகில் வீரமாமுனிவர். கொள்ளிடக் கரைக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சிதான் அவர் பணியின் நடுவிடம். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல மாதா மீது கலம்பகமும் பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியால்தான் அவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆய்வு நூல் என்ற கண்கொண்டு பார்த்தால் தொன்னூல் விளக்கம், சதுரகராதி, இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ், செந்தமிழ் இலக்கணங்கள் ஆகியவற்றுக்கே முதலிடம் தர வேண்டும்.

தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்தையும் ஒரே நூலில் அடக்குகிறது. சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடையது. அதுவரை சொற்பொருள் அறிய நிகண்டுப் பாட்டை மனப்பாடம் செய்தாக வேண்டும். சொற்களை அகர வரிசையில் நிறுத்தியதால், பாட்டு தெரியாதவரும் தேடிக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. பேச்சுத் தமிழுக்கெனத் தனி இலக்கணம் எழுதியதும் அதே நடைமுறை அறிவிலிருந்து வந்ததுதான். உபதேசிகளுக்கும் புதிதாக வரும் குருக்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பாடம் நடந்ததால் பாடநூல் எழுந்தது.

ஆனால் எதுவும் ஏலாக்குறிச்சியில் அச்சாகவில்லை. கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகம். பெஸ்கியோடு சமயப் பகை பாராட்டியவர்களே அவர் நூலை அச்சேற்றினார்கள் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் சுவையான செய்தி. செந்தமிழ் இலக்கணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பாபிங்டன் 1822இல் சென்னையில் வெளியிட்டார். சதுரகராதி 1824இல் சென்னைக் கல்விச் சங்கத்தின் வழியாக வந்தது. தேம்பாவணி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் அச்சாயிற்று. பெஸ்கி 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார். தம் பெருநூல்கள் பலவற்றை அச்சில் அவர் பார்க்கவே இல்லை.

அவரைப் பற்றிய ஆய்வுகளில் முத்துசாமிப் பிள்ளை 1822இல் தமிழில் எழுதிய வாழ்க்கை வரலாறு காலத்தால் முந்தியது. லெயோன் பெஸ் 1918இல் திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட ஆங்கில நூல் செவிவழிக் கதைகளையும் ஆவணங்களையும் பிரித்துப் பார்க்க முயன்றது. மார்கெரிட்டா திரெந்தோவின் நூல் (2022) ஏலாக்குறிச்சிப் பள்ளியையும் அங்குப் படித்த உபதேசிகளையும் மையத்துக்குக் கொண்டுவருகிறது. தனிமனிதப் புகழ் பாடும் நூல்கள் நிறைந்த துறையில் இது நல்ல திருப்பம்.

உ.வே.சா. படித்த ஊர்கள்

பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர் (1855–1942) இளமையில் தமிழ் கற்றது பெரிதும் இப்பகுதியில்தான். தந்தை வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராக இடம் மாறியபோது, அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் சாமிநாதையர் பாடம் கேட்டார். ரெட்டியாரிடம் படித்தது யாப்பருங்கலக் காரிகை. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே யாப்பு கைவந்திருந்தது அப்படித்தான்.

ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து 1950இல் நூலான 'என் சரித்திரம்' ஒரு தன்வரலாறு. ஆனால் கல்வி வரலாறு, சமூக வரலாறு எழுதுவோருக்கு அது முதன்மைச் சான்று. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த சிற்றூர்களில் யாரிடம் என்ன ஏடு இருந்தது, ஆசிரியருக்கு ஊரார் எதைக் கொடுத்து ஆதரித்தார்கள், பாடம் எப்படி நடந்தது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் ஆவணம் இப்பகுதிக்கு வேறில்லை. கனம் கிருஷ்ணையரைப் பற்றி அவர் எழுதிய தனி நூல் ஜமீன் அரண்மனை இசைக்குச் சான்று.

கங்கைகொண்ட சோழபுரம்

முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய தலைநகர் பற்றிய தற்கால எழுத்து, ஒரு முறையீட்டோடு தொடங்குகிறது எனலாம். 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்துக் கல் எடுத்துப் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பருவ இதழில் இதைக் கண்டித்து வந்த குறிப்பு பின்னர் 'இந்தியன் ஆண்டிகுவரி'யில் மறுபதிப்பாயிற்று. கெசட்டியரும் அதை எடுத்தாண்டது. கல்லோடு எத்தனை கல்வெட்டுகள் போயின என்று கணக்கிட இனி வழியில்லை.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக ஆங்கிலத்தில் 1935, 1937 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' 1949 முதல் மூன்று பகுதிகளாகத் தமிழில் வந்தது. சாஸ்திரியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஊர், நாடு, வளநாடு என்று இடப்பெயர்களைப் பொருத்திப் பார்ப்பதற்குப் பண்டாரத்தார் பலமுறை கூடுதலாக உதவுகிறார்.

கோயிலை மட்டும் எடுத்துக்கொண்ட நூல்களில் இரா. நாகசாமி 1970இல் எழுதியது சிறியது, ஆனால் நம்பகமானது. எஸ்.ஆர். பாலசுப்பிரமணியத்தின் இடைக்காலச் சோழர் கோயில்கள் பற்றிய தொகுதி 1975இல் வந்தது. இவற்றையெல்லாம் விரிவில் மிஞ்சுவது பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி 1994இல் பாரிஸில் வெளியிட்ட இரு தொகுதி நூல். தஞ்சைக் கோயிலுக்கு இருபது ஆண்டு பிந்தியது என்ற பொருளில் தலைப்பு வைத்து, வரைபடங்களோடு அமைந்தது. பியர் பிச்சார், ஃபிரான்சுவாஸ் லெர்னோ, ஃபிரான்சுவாஸ் பூதிஞோன் ஆகியோருடன் அரியலூர் அரசு கலைக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் இல. தியாகராஜனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பெயர் இத்தகைய நூலின் முகப்பில் வருவது அரிது. பிரெஞ்சில் இருப்பதால் அந்நூலின் பயன் இங்குள்ள மாணவரை எட்டவில்லை. தமிழில் வந்திருக்க வேண்டிய நூல்களில் அது முன்வரிசையில் நிற்கும்.

மாநிலத் தொல்லியல் துறை 1980 முதல் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் அகழ்ந்து, செங்கல் சுவர்களையும் கூரை ஓடுகளையும் இரும்பு ஆணிகளையும் சீனப் பீங்கான் சில்லுகளையும் கண்டது. 2021 முதல் மீண்டும் அங்கு அகழாய்வு நடந்துள்ளது. இராசேந்திரனின் கடற்படையெடுப்பு பற்றிச் சிங்கப்பூர் தென்கிழக்காசிய ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்போடு சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சீனச் சில்லுகளின் பொருள் விளங்கும்.

பழுவூர்க் கோயில்கள்

பழுவூரை ஆண்ட குறுநிலத் தலைவர்களான பழுவேட்டரையர்களைப் பெரும்பாலோர் கல்கியின் புதினம் வழியாக அறிவர். கல்வெட்டு வழியாக அறிய விரும்புவோருக்கு இரா. கலைக்கோவனின் 'பழுவூர்ப் புதையல்கள்' உண்டு. பழுவூர்ப் பகுதியிலுள்ள கீழையூர் இரட்டைக் கோயில்களைக் கலை வரலாற்று நோக்கில் டக்ளஸ் பாரெட் தம் முற்காலச் சோழர் கலை நூலில் (1974) ஆராய்ந்தார்.

சமூக அறிவியல்

ஒய். சுப்பராயலுவின் சோழநாட்டு அரசியல் புவியியல் (1973) கல்வெட்டுகளில் வரும் ஊர்களை நிலப்படத்தில் குறித்து, 'நாடு' என்ற அமைப்பின் எல்லைகளை வரைந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஊர்கள் எங்கே செறிந்தன, எங்கே கலைந்தன என்பதை அதில் காணலாம். பர்ட்டன் ஸ்டைன் 1980இல் சோழ அரசைக் கூறுபட்ட அரசு என்று வாதிட்டபோது, நொபொரு கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு மறுமொழி தந்தார்கள். கராஷிமாவின் பிற்கால வரலாற்று ஆய்வில் பெரம்பலூருக்கும் இடமுண்டு. 15ஆம் நூற்றாண்டில் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர் ஒன்றுகூடி, விசயநகர அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய வரிகளை எதிர்த்தனர். அதைப் பதிவு செய்த கல்வெட்டுகள் ஆடுதுறை, விருத்தாசலம், கொருக்கை முதலிய ஊர்களில் உள்ளன. கராஷிமா இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அவர் முன்னின்று தோக்கியோவிலிருந்து 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த திருச்சி மாவட்டக் கிராம ஆய்வுகள், பழைய நிலப் பதிவேடுகளையும் கள ஆய்வையும் இணைத்த முன்மாதிரி.

தற்காலச் சமூகம் பற்றி இந்த அளவுக்கு நூல்கள் இல்லை. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புச் சுரங்கங்களும் நிலத்தையும் வேலையையும் மாற்றிய அரியலூர் மாவட்டத்துக்கும், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் சோழர் காலம் பெற்ற கவனத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஆய்விதழ்கள்

புதிய கல்வெட்டுகள் முதலில் வெளிவருவது நூலிலன்று, இதழில். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் தஞ்சாவூரிலிருந்து வெளியிடும் 'ஆவணம்' இதில் முதன்மையானது. கல்வெட்டின் பாடம் முழுவதையும் அச்சிடுவது அதன் சிறப்பு. தொல்லியல் துறையின் 'கல்வெட்டு', திருச்சி இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தின் 'வரலாறு' ஆகியவை அடுத்து நிற்பவை. முந்திய தலைமுறைக்குச் 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்'. நடுவணரசின் ஆண்டறிக்கைகள் கல்வெட்டின் சுருக்கத்தை மட்டுமே தரும். படியெடுக்கப்பட்டும் முழுப்பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். மைசூரிலுள்ள நடுவணரசின் கல்வெட்டுப் பிரிவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்களுக்கென 2018இல் ஏற்படுத்திய பட்டியல் முறையை 2025இல் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வு மாணவர் கட்டுரைகள் பட்டியலில் இடம்பெற்ற இதழ்களை நோக்கியே போயின. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் சிலவற்றைச் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் படிக்கலாம். பழைய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா நூலகமும் உதவும்.