நிறுத்திப் பார்ப்பது

1958-இல் 'பிரெய்ன்' என்கிற நரம்பியல் இதழில் ஜேம்ஸ் ஆஸ்டின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். திரும்பத் திரும்ப வந்து கைகாலைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய், அதற்கு ஸ்டீராய்டு வைத்தியம். அதன் மையத்தில் ஒரே ஒரு நோயாளி. ஐந்து வருடம் கவனித்திருக்கிறார்கள். நடுவே மருந்துக்குப் பதில் வெறும் பிளாசிபோவும் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பில் அவர் வெறும் 'கேஸ்'.

இன்று இந்த நோய்க்கு சிஐடிபி என்று பெயர். நம் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மயலின் உறையை அரிக்கிறது. இன்சுலேஷன் உரிந்த ஒயர் என்பார்கள். எனக்கு அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்காது; ஒயர் ஷாக் அடிக்கும், இங்கே சிக்னல் மெதுவாகி வழியிலேயே நின்றுபோகிறது. படி ஏற முடியாது, சட்டைப் பட்டன் போட வராது. 1916-இல் கிய்யான், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் இரண்டு படைவீரர்களிடம் கண்டது இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். அது நாலு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். இது எட்டு வாரம் தாண்டியும் இழுக்கும், இல்லை போன மாதிரி போய்த் திரும்பி வரும்.

சிக்கலே அங்கேதான். மருந்து கொடுத்தோம், கால் எழுந்தது. சரி, மருந்தாலா, இல்லை தானாகத் தணிந்ததா? ஒரு மாற்றத்தை எடுத்துவிட்டு சிஸ்டம் மறுபடி விழுகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. ஆஸ்டின் அதை ஒரு மனித உடம்பில் செய்தார். விழுந்தால் விழுவது ஒரு ஆளின் கால்.

1975-இல் மேயோ கிளினிக்கில் பீட்டர் டைக் குழு 53 நோயாளிகளைத் தொகுத்து இதைத் தனி நோயாக வரையறுத்தது. ஸ்டீராய்டை வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். பிறகு பிளாஸ்மா மாற்றம் வந்தது. அப்புறம் ஐவிஐஜி, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஆன்டிபாடி. 2008-இல் வெளியான ஐசிஇ ஆய்வில் 117 பேர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றியவர்களில் 54 சதவீதம் பேர் தேறினார்கள், பிளாசிபோவில் 21. அந்த 21-ஐ யாரும் அதிகம் பேசவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதே பெரிய செய்தி.

அதற்கப்புறம் நிறுத்தத்தான் பயம். விலையோ மிக அதிகம், ஊசியோ முடிவில்லாதது. 2022-இல் அதே 'பிரெய்ன்' இதழில் நெதர்லாந்து டாக்டர்கள் எழுதினார்கள்: நோய் நிலையாக இருந்த 60 பேரில் ஒரு பகுதியினருக்குச் சொல்லாமல் மருந்தைக் குறைத்து பிளாசிபோவுக்கு மாற்றினார்கள். எல்லோரும் சம்மதித்துச் சேர்ந்தவர்கள்தான். தனக்குப் போவது எது என்று மட்டும் தெரியாது. 24 வாரம் கழித்து, நிறுத்தியவர்களில் 41 சதவீதம் பேர் அப்படியே இருந்தார்கள். தொடர்ந்தவர்களிலும் 58-தான்.

நிறுத்தி விழுந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி மருந்து ஏற்றியதும் மீண்டார்கள். உறை மறுபடி வளரும். உள்ளே இருக்கும் ஆக்ஸான் செத்துப்போன இடத்தில்தான் எந்த மருந்துக்கும் வேலை இல்லை.