மேற்றிராசனம், மறைமாவட்டம், பேராலயம்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள நிலப்பகுதி மறைமாவட்டம் எனப்படும். அந்த ஆயரின் இருக்கை அமைந்த கோயில் பேராலயம். காஞ்சிபுரத்துக் கத்தோலிக்கர் செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேராலயம் செங்கல்பட்டிலுள்ள புனித சூசையப்பர் ஆலயம்.

மறைமாவட்டத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லான 'டயோசிஸ்' சமயத்தில் பிறந்ததன்று. வீட்டு நிர்வாகம், ஆட்சி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அதன் வேர். உரோமைப் பேரரசன் டயோக்ளீஷியன் (284-305) காலத்தில் மாகாணங்கள் பல சேர்ந்த ஆட்சிப் பிரிவுக்கு அது பெயராயிற்று. திருச்சபை அதை அரசிடமிருந்து எடுத்துக்கொண்டது. பேராலயத்தைக் குறிக்கும் 'கதீட்ரல்' என்பதன் வேரான 'கதெட்ரா'வோ நாற்காலியைக் குறிக்கும். புதிய ஆயர் பதவியேற்கும் சடங்கில் அந்த நாற்காலியில் அமர்வதே பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

தமிழில் பழைய வழக்கு மேற்றிராசனம், ஆயர் மேற்றிராணியார். பெருநகர ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சிரியாக் மொழி வழியாகக் கேரளக் கிறிஸ்தவர்களிடம் 'மெத்ரான்' ஆனது. 'மேற்றிராணி' அதனோடு உறவுடைய வடிவம். மேற்றிராசனத்தின் இறுதியில் நிற்கும் 'ஆசனம்' ஆயரின் நாற்காலியை நினைவூட்டுவது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் மெல்ல வழக்கொழிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பின் வழிபாடு தமிழுக்கு வந்தது. பூசை திருப்பலி ஆனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. அரசு அலுவலகங்களிலும் ஜில்லா மறைந்து மாவட்டம் நிலைத்தது. வேதத்தைக் குறித்த 'மறை', கிறிஸ்தவ வழக்கில் சமயத்தையும் குறித்தது. இரண்டும் சேர்ந்து மறைமாவட்டம் பிறந்தது. உரோமையில் நடந்ததுபோலவே இங்கும் சமயம் ஆட்சித்துறையின் சொல்லை எடுத்தாண்டது. தென்னிந்தியத் திருச்சபையினர் வேறு வழியில் சென்று திருமண்டலம், பேராயம் என்னும் சொற்களைக் கொண்டனர்.

சொல் புதிதே தவிர அமைப்பு பழையது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் கொச்சியிலிருந்து பிரிந்து உருவானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் மறைமாவட்டமான பால்டிமோர் 1789-இல்தான் தோன்றியது. மயிலாப்பூர் போர்ச்சுக்கல் அரசின் ஞானாதிக்கத்தில், அதாவது திருச்சபையைப் பேணும் அரச உரிமையின் கீழ், இருந்தது. அதனருகே, கப்புச்சின் துறவிகள் 1642-இல் தொடங்கிய சென்னை மறைப்பணித்தளம் உரோமையின் நேரடிப் பொறுப்பில் வளர்ந்து 1886-இல் பேராயர் தலைமையிலான உயர்மறைமாவட்டமாயிற்று. 1952-இல் இரண்டும் இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. சாந்தோம் ஆலயம் அதன் பேராலயமாயிற்று. ஆர்மேனியன் தெருவின் தூய மரியன்னை ஆலயம் இணைப் பேராலயமாகத் தொடர்கிறது.

இந்த உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது, அ. நீதிநாதன் அதன் முதல் ஆயர். அப்போது அரசுக் கணக்கில் செங்கல்பட்டு என்றொரு மாவட்டம் இல்லை. 1997 முதல் அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதன் பின்னும் காஞ்சிபுரம் அதே மறைமாவட்டத்தில் நீடிக்கிறது. பெயரில் 'மாவட்டம்' இருந்தாலும் எல்லை வகுப்பவர் ஆட்சியர் அல்லர், திருத்தந்தை.

பேராலயம் என்பதை அளவுப்பெயராகக் கொள்வது வழுவாகும். வேளாங்கண்ணி ஆலயம் 1962-இல் பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி பெற்றது. நாடெங்கும் இருந்து மக்கள் திரளும் இடம். ஆயினும் அது அமைந்துள்ள தஞ்சாவூர் மறைமாவட்டத்தின் ஆயர் இருக்கை தஞ்சை திரு இருதய ஆலயத்திலேயே உள்ளது. சாந்தோம் இரு தகுதியும் உடையது: 1952 முதல் உயர்மறைமாவட்டத்தின் பேராலயம், 1956 முதல் பசிலிக்கா. முன்னது ஆயரின் நாற்காலியால் வருவது. பின்னது திருத்தந்தை வழங்குவது.