எலும்புக்கு ஓய்வு, தசைநாணுக்குச் சுமை: நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் கால்வலி

முழங்கால் வலிக்கிறது என்று ஓட்டக்காரர் சொன்னால் வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஓடினால் முட்டி தேய்ந்துவிடும், ஓட்டத்தை நிறுத்து, ஐஸ் வை.’ இப்பதிலில் இரண்டு பிழைகள் உள்ளன. ஓட்டம் முட்டியைத் தேய்க்கிறது என்ற நம்பிக்கை ஒன்று. எல்லாக் கால்வலிக்கும் ஓய்வே மருந்து என்பது மற்றொன்று. வலிப்பது தசைநாணா, மூட்டா, எலும்பா என்று அறிந்த பிறகே ஓய்வா சுமையா என்று முடிவெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற்பிழையைச் சுருக்கமாகவே மறுத்துவிடலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984இல் தொடங்கி, 45 ஓட்டக்காரர்களையும் ஓடாத 53 பேரையும் முதுமைவரை எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, கடைசிப் படங்களில் முட்டித் தேய்மானம் தெரிந்தோர் ஓட்டக்காரர்களில் 20 விழுக்காடு, மற்றவர்களில் 32 விழுக்காடு. ஆய்வு சிறியது, ஓட்டம் முட்டியைக் காக்கும் என்று இதைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் தேய்க்கும் என்று அச்சுறுத்தவும் இதில் இடமில்லை.

இரண்டாம் பிழைதான் ஆழமானது. சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவரின் ஆய்வு 1998இல் வெளிவந்தது. குதிகால் தசைநாண் நெடுநாளாக வலித்து, அறுவைக்குக் காத்திருந்த 15 பேருக்கு அவர் தந்தது ஒரு பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, வலிக்கும் காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். நாளுக்கு 180 முறை, 12 வாரம். வலித்தாலும் நிறுத்தக் கூடாது. வலி தாங்கும் அளவுக்குப் பழகியதும் முதுகில் எடை கூட்ட வேண்டும். பதினைவரும் மீண்டும் பழையபடி ஓடினர். ஓய்வும் மருந்தும் உள்ளிட்ட வழக்கமான சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழுவினர் அனைவரும் இறுதியில் அறுவைக்கே சென்றனர். பின்வந்த ஆய்வுகளில் பலன் இத்தனை முழுமையாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும், நாட்பட வலிக்கும் தசைநாண் தேறுவதற்குச் சுமை வேண்டும் என்ற கொள்கை இன்றுவரை நிலைத்திருக்கிறது.

முட்டிச் சில்லைச் சுற்றிய வலிக்கும் இது பெரிதும் பொருந்தும். மாடிப்படி இறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வரும் வலி இது. இங்கே சுமையை நீக்க வேண்டியதில்லை, பகிர்ந்தால் போதும். அதே வேகத்தில் அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2011இல் அளந்து காட்டியது. இதனுடன் இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் சேர வேண்டும்.

காயத்துக்குச் சுமைதான் காரணம் என்றால், வாரத்துக்கு 10 விழுக்காடு மட்டுமே தூரத்தைக் கூட்டும் பழைய விதி ஓட்டக்காரரைக் காத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரர்களிடம் அவ்விதி சோதிக்கப்பட்டது. படிப்படியாகக் கூட்டிய குழுவில் 20.8 விழுக்காட்டினர் காயமுற்றனர். வழக்கமான பயிற்சிக் குழுவில் 20.3. ஆனால் 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைக் கண்காணித்து 2025இல் வெளியான ஆய்வு விடையைத் தருகிறது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டியவர்களுக்கே காயம் கூடியது. வாரக் கணக்கு அவ்வாறு காயத்தைச் சுட்டவில்லை. வாரக் கூட்டுத்தொகை காலுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீள் ஓட்டத்தில் துணிந்து கூட்டிய அந்த நான்கு கிலோமீட்டர்தான் அதற்குத் தெரியும்.

எலும்பின் கதை வேறு. கூடுதல் சுமை விழுந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்தெடுக்கிறது. இதற்குச் சில வாரங்கள். அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்பச் சில மாதங்கள். நெஞ்சும் தசையும் பழகி மூச்சு இலகுவாகும் நாட்களில் எலும்பு நலிந்த நிலையில் இருக்கக்கூடும். ஓட்டக்காரரோ உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுகிறார். கீழ்க்காலின் உட்புறத்தில், எலும்பு விளிம்போடு நீளமாகப் பரவி, உடல் சூடேறியதும் குறையும் வலி ஷின் ஸ்பிளின்ட். தூரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் ஆறும். ஒரே புள்ளியில் குத்தி, ஓட ஓட மிகுந்து, இரவிலும் தொடரும் வலி எலும்பில் விரிசலாக இருக்கலாம். மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்கு உணவு போதாத பெண் ஓட்டக்காரர்களிடம் இந்த ஐயம் இன்னும் வலுவாக எழ வேண்டும். இங்கே ஆல்ஃப்ரெட்சன் வழி ஆபத்தானது.

தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் இவ்விரிசல் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும். எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதற்காக, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலியோடு எவரையும் ஓட அனுப்பக் கூடாது.