நாலு பேர் போதும்!

(ஒரு பழைய மாணவன், மின்னணுவியல் துறை, 2006–2010)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "என்ன தலைப்பு சார்?" என்றேன். "நம்ம காலேஜ்ல நீ உருப்படியா கத்துக்கிட்டது ஏதாவது ஒண்ணு இருக்கும்ல, அதை எழுதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நாள் யோசித்தேன். இன்று எனக்குச் சோறு போடுவது நெட்வொர்க்கிங். அதை வகுப்பில் கற்றேனா என்றால், மனசாட்சிப்படி, இல்லை. ஹாஸ்டல் இரண்டாம் மாடியில், ஐந்து பேர் ராத்திரி முழுக்க ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு கற்றது அது. எனவே அந்த விளையாட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதையே எழுதுகிறேன். சீனியர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாலைந்து பேர் கம்ப்யூட்டர்களை இணைத்துச் சுட்டு விளையாடுவது 'டூம்' விளையாட்டோடு ஆரம்பித்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அதற்கு 20 வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டது. 1973இல் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில், வேலை செய்துகொண்டே படிக்கும் திட்டத்தில் சில பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். ஸ்டீவ் காலி, ஹோவர்ட் பால்மர், கிரெக் தாம்ப்சன் என்று பெயர். இம்லாக் என்ற வரைகலைக் கம்ப்யூட்டரில் ஒரு சுவர்ச் சிக்கலை வரைந்து, அதற்குள் நாமே நடப்பதுபோல் காட்டினார்கள். 'மேஸ்' என்று பெயர். வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. இரண்டு இம்லாக்குகளை ஒரு சீரியல் கேபிளால் கட்டினார்கள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆள்! ஆள் தென்பட்டால் அடுத்து என்ன தோன்றும்? சுடத் தோன்றியது.

தாம்ப்சன் 1974இல் எம்.ஐ.டி. போனபோது அதையும் கையோடு எடுத்துப்போனார். அங்கே டேவ் லெப்லிங் என்பவர் பெரிய பி.டி.பி.-10 கம்ப்யூட்டரில் ஒரு நடுவர் புரோகிராம் எழுத, எட்டுப் பேர் வரை ஆட முடிந்தது. இன்று 'சர்வர்' என்கிறோமே, அந்த வேலையைத்தான் அந்த நடுவர் செய்தார். மாணவர்கள் யாரும் கேட்காமல், மார்க்கும் இல்லாமல் செய்த காரியம் இது. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலையும் தம்பி தங்கைகள் கவனிக்கவும்.

1987இல் அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்கு 'மிடி மேஸ்' வந்தது. இதில் எனக்குப் பிடித்தது கேபிள் சமாச்சாரம். அந்தக் கம்ப்யூட்டரில் கீபோர்டு வாத்தியங்களை இணைக்க மிடி என்ற துளைகள் உண்டு. சங்கீதத்துக்கு வைத்த அந்தத் துளைகளில் ஒன்றின் வாயை அடுத்ததன் காதில் செருகி, வளையமாக 16 மெஷின் வரை கோத்துவிட்டார்கள். வட்டமான சிரிப்பு முகங்கள் ஒன்றையொன்று சுடும். ஒருவன் கால் தடுக்கி ஒரு கேபிள் கழன்றால் வளையமே போச்சு.

இனி டூம். 1993 டிசம்பர் 10. டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்ற ஊரிலிருந்த இட் சாஃப்ட்வேர் கம்பெனி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் அதை ஏற்றியது. முதல் ஒன்பது கட்டங்கள் இலவசம். போன் லைனில் இரண்டு பேர் ஆடலாம். லேனில் இணைத்தால் நாலு பேர். ஜான் ரோமெரோ இந்தச் சண்டைக்கு 'டெத்மேட்ச்' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது.

ஏன் நாலு? இதை ஒரு இன்ஜினீயராகக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. டூமில் சர்வர் கிடையாது. நாலு கம்ப்யூட்டரும் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியே ஓட்டும். 'முன்னே நகர்ந்தேன், இடப்பக்கம் திரும்பினேன், சுட்டேன்' என்ற கட்டளைகளை மட்டும் விநாடிக்கு 35 முறை மற்ற மூவருக்கும் சொல்லும். எல்லார் கட்டளையும் வந்து சேர்ந்தபின்தான் ஆட்டம் அடுத்த அடி நகரும். நம் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி. கடைசி ஆள் மோர் சாதம் முடிக்கும்வரை மற்றவர் எழக்கூடாது. ஒருவன் மெஷின் பழைய 386 என்றால் நாலு பேரும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். நாலு பேர் பந்தியில் இது தாங்கும். அன்றைய கம்ப்யூட்டர்களில் நாற்பது பேரை உட்கார வைத்திருந்தால் யாரும் எழுந்தே இருக்க முடியாது.

இன்னொரு தமாஷ். முதலில் வந்த பதிப்பு தன் செய்திகளை எதிராளிக்கு மட்டும் அனுப்பாமல் நெட்வொர்க்கில் இருந்த எல்லா மெஷினுக்கும் கூவியது. நாலு பேர் விளையாட, மற்றவர்களின் கம்ப்யூட்டர்களும் ஒவ்வொரு கூவலுக்கும் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆபீஸ்களிலும் காலேஜ்களிலும் நெட்வொர்க் திணறியது. 1994இல் வந்த 1.2 பதிப்பில் சரிசெய்தார்கள். இதே பாடத்தை, 'பிராட்காஸ்ட் ஸ்டார்ம்' என்ற தலைப்பில், எனக்கு ஐந்து மார்க் கேள்வியாகக் கேட்டார்கள். எனக்கு வராத கேள்விகளில் அதுவும் ஒன்று.

1996இல் 'குவேக்' சர்வர் முறைக்கு மாறியது. அதே வருஷம் டிசம்பரில் 'குவேக்வேர்ல்டு' வந்து, சர்வர் பதில் வரும்வரை காத்திராமல் நம் மெஷினே அடுத்த அடியை யூகித்து வைக்கும் வித்தையைச் சேர்த்தது. இனி பந்தி கிடையாது, பஃபே. ஆட்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஆனாலும் பாருங்கள், மக்கள் நாலைந்து பேரை விட்டு நகரவில்லை.

1997இல் நின்டெண்டோ 64க்கு இங்கிலாந்தின் ரேர் கம்பெனி 'கோல்டன்ஐ 007' வெளியிட்டது. கன்சோலின் முகப்பில் நாலு துளை, ஆகவே நாலு பேர். ஒரே டி.வி.யை நாலாக வெட்டிக் காட்டும். பலர் சேர்ந்து ஆடும் பகுதி முதலில் திட்டத்திலேயே இல்லை. ஸ்டீவ் எல்லிஸ் என்ற புரோகிராமர் கடைசி சில மாதங்களில் சேர்த்தது. அந்தக் கடைசி நேரச் சேர்க்கைதான் இன்றுவரை பேசப்படுகிறது. அடுத்தவன் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்க்கக்கூடாது. ஆட்ஜாப் என்ற குள்ளமான பாத்திரத்தை எடுக்கக்கூடாது, குண்டு அவன் தலைக்கு மேலே போகும். இந்தச் சட்டங்களைப் போட்டது கம்பெனி அல்ல. சோபாவில் உட்கார்ந்த நாலு பேர் தாங்களே போட்டுக்கொண்டது.

எங்கள் காலத்துக்கு வருகிறேன். 'கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்'. இதையும் இரண்டு மாணவர்கள்தான் செய்தார்கள். கனடாவில் படித்த மின் லே, அமெரிக்காவில் படித்த ஜெஸ் கிளிஃப். 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் மேல் கட்டி, 1999 ஜூனில் முதல் சோதனைப் பதிப்பை விட்டார்கள். 2000இல் வால்வ் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. டூமில் செத்தால் உடனே பிறக்கலாம். இதில் செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். போட்டிகளில் ஐவருக்கு ஐவர் என்பது வழக்கமாயிற்று. ஐவரில் ஒருவன் போனால் அணியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் உயிருக்கு விலை.

2007இல் ரிச்சி தெருவில் எட்டு துளை சுவிட்ச் ஒன்று வாங்கினோம். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டோம். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்... கேபிள் முனையில் எட்டுக் கம்பிகளை அடுக்கும் அந்த வரிசையை இன்றும் தூக்கத்தில் சொல்வேன். ஜன்னல் வழியாக அறைக்கு அறை கேபிள் போனது. விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் ஐவரில் ஒருவன் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். முதல் வருஷம் முழுக்க வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. வைவாவில் பதில் தெரிந்தும் நின்றுகொண்டிருப்பான். அவன் கையில் மவுஸ் வந்ததும் வேறு ஆள். "டேய், பின்னாடி வராதே, கதவுகிட்ட ரெண்டு பேர்... நீ கீழ போ, நான் சொன்னதும் குண்டு வீசு!" என்று நாலு அறைக்கும் கேட்கக் கத்துவான். நாங்களும் மறு பேச்சில்லாமல் கேட்போம். 64 பேர் ஓடுகிற ஆட்டமாக இருந்தால் அவன் அங்கேயும் ஒரு மூலையில்தான் நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். ஐந்து பேர் என்பதால், பேசாவிட்டால் தோற்போம் என்பதால், பேசினான். மூன்றாம் வருஷம் செமினாரில் அவன் பேசியபோது ஆச்சரியப்படாதவர்கள் நாங்கள் நாலு பேர் மட்டும்.

கடைசி செமஸ்டரில் ஒருநாள் காலையில் சுவிட்ச் வார்டன் அறைக்குப் போய்விட்டது. தப்பு எங்கள்மேல்தான். மாடல் எக்ஸாம் வாரம் அது.

2008 நவம்பரில் வந்த 'லெஃப்ட் 4 டெட்' இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. நாலு பேர், ஒரே அணி, எதிரில் பிணங்களின் கூட்டம். சில பூதங்கள் மேலே பாய்ந்து அமுக்கினால் நாமாக விடுவித்துக்கொள்ளவே முடியாது; கூட்டாளி வந்து தட்டிவிட வேண்டும். 2017இல் 'பப்ஜி' ஒரே தீவில் 100 பேரை இறக்கியது. அதிலும் நம் பசங்கள் பெரும்பாலும் ஆடியது நாலு பேர் 'ஸ்குவாடு' தான்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. எங்கள் ஆட்டம் எங்கள் கையில் இருந்தது. சுவிட்சும் கேபிளும் இருந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். 2009இல் 'மாடர்ன் வார்ஃபேர் 2' கம்ப்யூட்டர் பதிப்பில், ஆடுகிறவர்களே தனி சர்வர் வைத்து நடத்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். 2014 மே 31ஆம் தேதி கேம்ஸ்பை என்ற பொதுச் சேவை மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த ஏராளமான பழைய விளையாட்டுகள் இணையத்தில் அநாதையாயின. 2020 செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு ஸ்குவாடின் நாலு பேர் தீர்மானிக்கிற விஷயமாக அது இல்லை. மாறாக டூமின் மூல நிரலை 1997இலேயே இட் சாஃப்ட்வேர் வெளியே கொடுத்துவிட்டது. 1993இல் பிறந்த அந்த ஆட்டத்தை இன்றும் நாலு பேர் ஒரு ரூமில் உட்கார்ந்து ஆடலாம்.

சுவிட்ச் கடைசியில் திரும்பி வந்தது. கான்வொகேஷன் அன்று வார்டனே சிரித்துக்கொண்டு கொடுத்தார். என் அலமாரியில் இருக்கிறது. எட்டில் ஆறு துளை இன்னும் வேலை செய்கிறது, ஐந்துதான் தேவை. மூன்று பேர் வருவதாக உறுதி சொல்லியாயிற்று. அந்தத் தமிழ் மீடியம் நண்பனின் நம்பர் 2015க்குப் பிறகு எங்கள் யாரிடமும் இல்லை. மலர் எப்படியாவது அவன் கைக்குப் போகும் என்று நம்பி எழுதுகிறேன். டேய், ரீயூனியன் இரண்டாம் நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், பழைய ஹாஸ்டல் டி.வி. ரூம். லேப்டாப் மட்டும் எடுத்துக்கொண்டு வா. கேபிள் நான் கிரிம்ப் பண்ணி வைத்துவிட்டேன்.