துறைமுக ஆஸ்பத்திரியும் வீட்டு வாசலும்

வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதன் கொட்டிய மண். 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலை ஆழப்படுத்தத் தூர்வாரிய சேறும் மணலும் பழைய வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் குவிந்து ஒரு துறைமுக நகரமாயிற்று. 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிறகு கப்பல்துறை, ரயில் நிலையம், கடற்படைத் தளம் என்று ஒவ்வொன்றாய் வந்தன. துறைமுகத்துக்கென்று ஓர் ஆஸ்பத்திரியும் வந்தது. அது ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்குமானது. காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரியில் இருந்த சுமைத் தொழிலாளியின் நிலை வேறு. கங்காணி கூட்டத்தை நோக்கி வீசியெறியும் ‘சாப்பா’ என்ற உலோகச் சீட்டை முட்டிமோதிப் பிடித்தவருக்கே அன்றைக்கு வேலை. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. நிரந்தர வேலை இருந்தால் வைத்தியமும் உண்டு என்ற ஏற்பாட்டில் சாப்பாத் தொழிலாளிக்கு எங்கே இடம்? வீடு தேடிப் போகும் மருத்துவம் கேரளத்தில் வேரூன்றியதற்குக் காரணம், அது வேலையை விட்டுவிட்டு நோயாளியின் முகவரியைப் பற்றிக்கொண்டதுதான் என்பது என் துணிபு.

அந்த மாற்றம் கொச்சியில் பிறக்கவில்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலிய மருத்துவர்கள் வலி நிவாரணத்துக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். வரமுடிந்தவர்தான் கிளினிக்குக்கு வந்தார். படுத்த படுக்கையானவர் வீட்டிலேயே கிடந்தார். ஆகவே சிகிச்சை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 1990-களின் இறுதியிலிருந்து மலப்புறத்தில் ஊர்மக்களே பணம் திரட்டி, பயிற்சி பெற்று, இதைத் தங்கள் வேலையாக்கிக்கொண்டார்கள். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தால் உள்ளாட்சிகளின் கையில் பணமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்திருந்தன. 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக்கொள்கை அறிவித்தபோது வீட்டுக்குப் போகும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அமைப்பு தயாராக இருந்தது. அந்த நர்ஸின் பையில் பெரிய கருவி எதுவும் கிடையாது. பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய். பக்கவாதத்தில் விழுந்தவருக்குப் போட்ட குழாயைக் காலத்தில் மாற்றாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பும், காய்ச்சல் வரும், நள்ளிரவில் அவரைத் தூக்கிக்கொண்டு குறுகிய சந்துகளைத் தாண்டி கேஷுவால்டிக்கு ஓட வேண்டும். குழாயை உரிய நாளில் மாற்றி, படுக்கைப் புண்ணையும் கழுவிக் கட்டினால் அந்த ஓட்டத்தில் பெரும்பகுதி மிச்சம்.

அரைகுறைப் பயிற்சி பெற்றவரிடம் நோயாளியை ஒப்படைப்பதா என்று கேட்கிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மருத்துவர் இல்லாத லாங், பிரையர் தீவுகளில் ஆம்புலன்ஸ் பணியாளர்களே அழைப்பு இல்லாத நேரத்தில் வீடுவீடாகப் போனார்கள். அவசர சிகிச்சைக்காகப் போனவர்கள் குறைந்தார்கள். எல்லை தெளிவாக இருந்தால் சிறிய பயிற்சியும் பெரும்பயன் தரும். நெஞ்சுவலியும் புதிய பக்கவாதமும் அந்த எல்லைக்கு வெளியே. அங்கே தாமதிப்பது குற்றம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: நர்ஸ் போன பிறகு பார்த்துக்கொள்வது மனைவியோ மருமகளோதானே? உண்மை. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடப்பது அதே பெண்தான். அங்கே அவள் கூலியையும் இழக்கிறாள். வீட்டுப் பராமரிப்பு அந்தச் சுமையை முழுக்க இறக்கிவிடவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் இந்தத் திட்டத்தை ஆதரிக்க முடியும்.

2011-இல் கொச்சியின் கண்டெய்னர் முனையம் வில்லிங்டன் தீவிலிருந்து வல்லார்பாடத்துக்குப் போய்விட்டது. தீவில் வேலையும் குறைந்தது. வேலையோடு கட்டிய வைத்தியம் அந்த வேலையோடு சுருங்கும். வீடு தேடிப் போகும் மருத்துவத்திலும் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதில் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டில் கொடுக்கிறது, இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணமும் தருகிறது. அதை நடத்துவது மாநில சுகாதாரத் துறை. கேரளத்திலோ நர்ஸ் வராத வாரம் ஏன் வரவில்லை என்று கேட்க, நோயாளியின் மகள் அதே தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த வார்டு மெம்பரிடம் போகலாம்.